நீரில்லா ஆறும் மரமில்லா மலையும்: வேலூர்ப் பிரதேசத்தின் உஷ்ணமும் குளிரும்

வேலூரைப் பற்றி, "நீரில்லா ஆறு, மரமில்லா மலை" என்று ஒரு பழமொழி நெடுங்காலமாக வழங்கி வருகிறது. ஊரைக் கேலி செய்வதற்காகச் சொல்லப்பட்ட இவ்வார்த்தைகளிலே, இப்பிரதேசத்தின் சீதோஷ்ண நிலைக்குரிய முக்கிய காரணங்கள் இரண்டும் அடங்கியிருக்கின்றன என்பதைப் பலர் கவனிப்பதில்லை.

பங்குனி பிறந்தது முதல் வைகாசி முடியும் வரையில், "வேலூரில் வெயில் 108 டிகிரி" என்பது போன்ற செய்திகள் வந்தவண்ணம் இருக்கின்றன. மார்கழியிலோ, அதே பிரதேசத்தில் திருப்பத்தூர், ஆலங்காயம் முதலிய இடங்களில் விடியற்காலையில் கம்பளியின்றி வயலுக்குச் செல்ல முடிவதில்லை. ஒரே ஊர் கோடையில் இவ்வளவு காய்வதும் குளிர்காலத்தில் இவ்வளவு குளிர்வதும் ஏன்? அதனால் பயிருக்கும் கால்நடைக்கும் நேரும் கேடு யாது? அதைத் தணிக்க விவசாயிகளும் கிராம அதிகாரிகளும் செய்யக்கூடியவை எவை? இவற்றை விளக்குவதே இவ்வியாசத்தின் நோக்கம்.

உஷ்ணத்தை அளக்கும் முறை

வெயிலில் தொங்கும் உஷ்ணமானி காட்டும் அளவு காற்றின் உஷ்ணமன்று. அக்கருவி தானே காய்ந்து காட்டும் உஷ்ணமாகும். தகரக் கூரையின் கீழும், சுண்ணாம்புச் சுவரின் மேலும், நிறுத்தி வைத்த மோட்டார் வண்டியிலும் காணப்படும் அளவுகள் இத்தகையனவே. வானிலை ஆராய்ச்சி இலாகாவினர் பயன்படுத்தும் உஷ்ணமானி, வெள்ளை வர்ணம் பூசி, நாற்புறமும் சாய்ந்த பலகைச் சட்டங்கள் வைத்த மரப்பெட்டிக்குள் இருக்கும். சூரிய கிரணங்கள் நேரே படாமல் காற்று மட்டும் தாராளமாக உட்புகும்படி அப்பெட்டி அமைக்கப்பட்டிருக்கிறது. அதைத் தரைக்கு ஏறக்குறைய நான்கு அடி உயரத்தில், கட்டடங்களின் நெருக்கமில்லாத திறந்த வெளியில் நிறுத்துகிறார்கள். இரவின் குறைந்த உஷ்ணத்தைக் காலை 8.30 மணிக்கும், பகலின் மிகுந்த உஷ்ணத்தை மாலை 5.30 மணிக்கும் குறித்துக்கொள்வது வழக்கம்.

இம்முறையில் சிறிது பிசகினாலும் அளவு பெரிதும் மாறிவிடும். 2024ஆம் ஆண்டு மே மாதம் 29ஆம் தேதி டில்லியைச் சேர்ந்த முங்கேஷ்பூர் என்னும் இடத்தில் 52.9 டிகிரி பதிவாயிற்று. தேசத்திலேயே இதுவரை காணாத உஷ்ணம் என்று செய்தி பரவியது. பின்னர் பரிசோதித்ததில், அங்கிருந்த தானியங்கிக் கருவி 3 டிகிரி அளவுக்கு அதிகமாகக் காட்டியது தெரிய வந்தது. லிபியா தேசத்து அல் அஜீஜியாவில் 1922ஆம் ஆண்டு செப்டம்பர் 13ஆம் தேதி குறிக்கப்பட்ட 58 டிகிரி, தொண்ணூறு ஆண்டுகள் உலகின் உச்ச உஷ்ணமாகக் கருதப்பட்டு வந்தது. ஆராய்ச்சிக்குப் பின் உலக வானிலை ஸ்தாபனம் 2012இல் அதைத் தள்ளுபடி செய்தது. ஆகையால் கைப்பேசியில் வரும் ஓர் எண்ணைக் கண்டவுடன் திகிலடைவதும் தவறு. அலட்சியம் செய்வதும் தவறு.

பத்திரிகைகளில் வரும் 100, 108 என்னும் எண்கள் பாரன்ஹீட் அளவைச் சேர்ந்தவை. வானிலை இலாகா கையாள்வது சென்டிகிரேட் அளவு. 38 சென்டிகிரேட் ஏறக்குறைய 100 பாரன்ஹீட்டுக்கும், 40 என்பது 104க்கும், 42.2 என்பது 108க்கும், 45 என்பது 113க்கும் சமம். இவ்வியாசத்தில் வரும் அளவுகள் யாவும் சென்டிகிரேட் அளவே.

தேசத்தின் உச்ச அளவுகள்

இந்தியாவில் பதிவான மிகுந்த உஷ்ணம், ராஜஸ்தானத்துப் பலோடி என்னும் ஊரில் 2016ஆம் ஆண்டு மே மாதம் 19ஆம் தேதி காணப்பட்ட 51.0 டிகிரி. அதற்கு முன், 1956ஆம் ஆண்டு மே மாதம் 10ஆம் தேதி ஆல்வாரில் பதிவான 50.6 டிகிரியே அறுபது ஆண்டுகள் உச்ச அளவாக நின்றது. அதே ராஜஸ்தானத்துச் சூரு என்னும் ஊரில் 2019ஆம் ஆண்டு ஜூன் முதல் தேதி 50.8 டிகிரி காய்ந்தது. இதில் வியப்பென்னவெனில், இந்தச் சூருவிலேயே சில குளிர்கால இரவுகளில் உஷ்ணம் பூஜ்யத்துக்கும் கீழே இறங்கி, செடிகளின் மேல் பனி உறைந்துவிடுகிறது. ஒரே ஊரில், ஒரே மணலில், 50 டிகிரிக்கு மேற்பட்ட வித்தியாசம்!

இதைச் சென்னையுடன் ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும். சென்னையில் பதிவான மிகுந்த உஷ்ணம் 2003ஆம் ஆண்டு மே மாதம் 31ஆம் தேதி கண்ட 45.0 டிகிரி. மிகக் குறைந்த உஷ்ணம் 1895ஆம் ஆண்டு டிசம்பரிலும் 1905ஆம் ஆண்டு ஜனவரியிலும் கண்ட 13.9 டிகிரி. நூற்றாண்டுக்கு மேற்பட்ட கணக்கிலும் வித்தியாசம் 31 டிகிரிதான். சூருவில் மணலும் வறண்ட காற்றும் உள்ளன. சென்னையில் சமுத்திரமும் ஈரக்காற்றும் உள்ளன. கடும் உஷ்ணத்துக்கும் கடுங்குளிருக்கும் தாய் ஒன்றே என்பதும், அது ஈரமின்மை என்பதும் இதிலிருந்து விளங்கும்.

ஈரம் செய்யும் வேலை

ஒரு லிட்டர் நீர் ஆவியாக வேண்டுமானால், பனிக்கட்டி போல் குளிர்ந்த ஏறக்குறைய ஆறு லிட்டர் நீரைக் கொதிநிலைக்குக் கொண்டுவரப் போதுமான உஷ்ணம் அதற்குச் செலவாகிறது. மண்பானை நீர் குளிர்ந்திருப்பதும், நனைந்த துணி மேனியைக் குளிர்விப்பதும் இக்காரணம் பற்றியே. நஞ்சை வயலிலும், நிறைந்த ஏரியிலும், மரத்தின் இலைகளிலும் இவ்வேலை பகல் முழுவதும் நடைபெறுகிறது. சூரியன் தரும் உஷ்ணத்தில் பெரும்பங்கு நீரை ஆவியாக்குவதிலேயே தீர்ந்துவிடுவதால், காற்றைக் காய்ச்சுவதற்கு மிஞ்சுவது கொஞ்சம். நீரே இல்லாத பாறையிலும் மணலிலும் சூரியன் தரும் உஷ்ணம் முழுவதும் தரையையும் அதையொட்டிய காற்றையும் காய்ச்சுகிறது. மேலும் ஒரே எடையுள்ள பாறையையும் நீரையும் சம அளவு சூடாக்க, நீருக்கு ஏறக்குறைய ஐந்து மடங்கு உஷ்ணம் தேவை. ஆகவே பாறை விரைவில் காயும், விரைவில் ஆறும்.

இரவில் நடப்பது இதற்கு நேர்மாறு. பகலில் பெற்ற உஷ்ணத்தைத் தரை ஆகாயத்தை நோக்கி வெளிவிடுகிறது. மேகமும் காற்றிலுள்ள ஈரப்பசையும் போர்வை போல் இருந்து அவ்வுஷ்ணத்தைத் தடுத்துத் திருப்பி அனுப்புகின்றன. வானம் நிர்மலமாகவும், காற்று வறண்டு அசைவற்றும் இருக்கும் இரவில் போர்வை இல்லை. உஷ்ணம் தடையின்றி மேலே போய்விடுகிறது. எனவே பகலின் வெம்மைக்குக் காரணமான வறட்சியே இரவின் குளிருக்கும் காரணமாகிறது.

வேலூர் ஏன் இவ்வளவு காய்கிறது?

முதலாவது காரணம் சூரியன் நிற்கும் நிலை. ஏப்ரல் கடைசி வாரத்தில் நடுப்பகல் சூரியன் வேலூருக்கு நேர் உச்சியில் நிற்கிறது. அதற்குப் பின்னும் சில வாரங்கள் நாளுக்கு நாள் தரையில் உஷ்ணம் சேர்ந்துகொண்டே போகிறது. அடுப்பில் வைத்த பாத்திரம், தீ மிகுந்த கணத்திலன்றிச் சற்றுப் பின்னரே கொதிப்பது போல, உஷ்ணம் மே மாதத்தில் உச்சத்தை அடைகிறது. பஞ்சாங்கத்தில் அக்கினி நட்சத்திரம் என்று குறிக்கப்படும் நாட்கள் இக்காலத்தோடு பொருந்தி வருகின்றன.

இரண்டாவது காரணம் மேல்காற்று. மேற்கே மைசூர்ப் பீடபூமி கடல் மட்டத்துக்குமேல் ஏறக்குறைய 900 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. வேலூர் 200 மீட்டருக்குச் சற்று அதிகமான உயரத்தில் இருக்கிறது. வறண்ட காற்று மேட்டிலிருந்து பள்ளத்துக்கு இறங்கும்போது, அழுத்தம் மிகுவதனால் ஒவ்வொரு நூறு மீட்டருக்கும் ஏறக்குறைய ஒரு டிகிரி வீதம் சூடேறுகிறது. பெங்களூரில் 34 டிகிரியாக இருக்கும் காற்று, வாணியம்பாடி, ஆம்பூர், குடியாத்தம் வழியாகக் கீழிறங்கி வேலூரை அடையும்போது 41 டிகிரியாகிவிடுகிறது. வழியில் அது ஈரத்தைச் சேர்த்துக்கொள்ளவும் இடமில்லை.

மூன்றாவது காரணம் கடற்காற்று எட்டாமை. சென்னையில் பிற்பகலில் கடற்காற்று வீசியவுடன் உஷ்ணம் தணிந்துவிடும். வேலூரோ கடற்கரையிலிருந்து ஏறக்குறைய எழுபத்தைந்து மைல் தூரத்தில் இருக்கிறது. மேல்காற்று வலுத்த நாட்களில் கடற்காற்று இவ்வளவு தூரம் வருவதில்லை. வந்தாலும் இரவிலேயே வந்து சேர்கிறது.

நான்காவது காரணமே பழமொழி கூறுவது. ஊரைச் சூழ்ந்துள்ள குன்றுகள் பெரும்பாலும் வெறும் பாறை. பாலாறோ ஆண்டின் பெரும்பகுதியில் மணற்பரப்பு. காய்வதற்குப் பாறையும் மணலும் இருக்க, ஆறுவதற்கு மரமும் நீரும் இல்லை. முதல் மூன்று காரணங்களையும் மனிதன் மாற்ற முடியாது, நான்காவதை மாற்றலாம்.

மார்கழிக் குளிர்

குளிர்ந்த காற்று கனமானது. நீரைப் போலவே பள்ளம் நோக்கி ஓடித் தங்கும். ஏலகிரி, ஜவ்வாது மலைகளின் சரிவுகளில் இரவில் குளிர்ந்த காற்று அடிவாரத்துத் தாழ்ந்த வயல்களில் தேங்குவதால், மேட்டு நிலத்தைவிடப் பள்ளத்து நிலத்தில் விடியற்காலைக் குளிர் மிகுதி. திருப்பத்தூர் வேலூரைவிட உயர்ந்த இடத்தில் அமைந்திருப்பதும் அங்கே குளிர் அதிகமாவதற்குக் காரணம். நீலகிரியில் டிசம்பர், ஜனவரி மாதங்களில் பள்ளத்தாக்குகளில் உறைபனி விழுந்து தேயிலையும் காய்கறிகளும் கருகுவதும் இவ்விதியினால்தான். வேலூர்ப் பிரதேசத்தின் சமவெளியில் அத்தகைய உறைபனி அபாயம் இல்லை.

இக்குளிர் பயிர்களுக்குத் தீங்கு மட்டுமே செய்வதன்று. மாமரம் பூப்பதற்குச் சில வாரங்கள் தொடர்ந்து குளிர்ந்த இரவுகள் தேவை. மார்கழி, தை மாதங்களில் இரவு போதிய அளவு குளிராவிடில், மரம் பூங்கொத்துக்குப் பதிலாகத் தளிரை விடுகிறது. குளிரில் நாற்றங்கால் மஞ்சளித்து வளர்ச்சி குன்றினால், மாலையில் நீர் பாய்ச்சி இரவெல்லாம் நிறுத்தி, காலையில் வடித்துவிடுவது பயன் தரும். பகலுஷ்ணத்தை நீர் சேமித்து வைத்து இரவில் நாற்றுக்குத் தருகிறது.

காலம் மாறி வருதல்

உச்ச அளவுகள் எக்காலத்திலும் உண்டு. ஆனால் இக்காலத்தில் உஷ்ணத்தின் உச்ச அளவுகள் அடிக்கடி முறியடிக்கப்படுகின்றன. குளிரின் உச்ச அளவுகள் அவ்வாறு முறியடிக்கப்படுவது அரிதாகிவிட்டது. இந்தியாவின் சராசரி உஷ்ணம் 1901 முதல் 2018 வரையில் ஏறக்குறைய 0.7 டிகிரி உயர்ந்திருக்கிறது. 1901 முதலான கணக்கில் 2024ஆம் ஆண்டே மிகவும் உஷ்ணமான ஆண்டு. அவ்வாண்டு ஏப்ரல் 28ஆம் தேதி, குளிருக்குப் பெயர்போன உதகமண்டலத்திலேயே 29.0 டிகிரி பதிவாயிற்று. நிலக்கரியும் எண்ணெயும் எரிப்பதால் வாயுமண்டலத்தில் சேரும் கரியமில வாயு, இரவில் உஷ்ணத்தைத் தடுக்கும் போர்வையைத் தடிப்பாக்கி வருவதே இதற்கு முதன்மையான காரணம்.

0.7 டிகிரி அற்பமன்றோ என்று சிலர் எண்ணலாம். ஏரியின் நீர்மட்டம் ஓர் அங்குலம் உயர்வது கண்ணுக்குத் தெரிவதில்லை. ஆனால் கலங்கல் வழியும் நாட்கள் அதனால் பெருகிவிடும். சராசரியில் நேரும் சிறு உயர்வும் அதுபோல, கடும் உஷ்ண நாட்களைப் பெருக்கிவிடுகிறது. 2022ஆம் ஆண்டு மார்ச் மாதம் 122 ஆண்டுகளில் காணாத உஷ்ணம் கண்டது. வடநாட்டில் பால்பிடிக்கும் பருவத்திலிருந்த கோதுமை சுருங்கியது. மே மாதத்தில் மத்திய சர்க்கார் கோதுமை ஏற்றுமதியைத் தடை செய்தனர்.

விவசாயிகள் சிறப்பாகக் கவனிக்க வேண்டியது இரவின் உஷ்ணம். பகலில் உண்டாக்கிய உணவை இரவில் பயிர் மூச்சுவிடுவதில் செலவழிக்கிறது. இரவு உஷ்ணம் மிகுந்தால் இச்செலவும் மிகுகிறது. பிலிப்பைன்ஸ் தேசத்துச் சர்வதேச நெல் ஆராய்ச்சி நிலையத்தார் தங்கள் பண்ணைக் கணக்கை ஆராய்ந்து 2004இல் வெளியிட்ட முடிவின்படி, இரவின் குறைந்த உஷ்ணம் ஒரு டிகிரி உயர்ந்தபோது கோடைப் பட்டத்து நெல் மகசூல் நூற்றுக்குப் பத்து வீதம் குறைந்திருக்கிறது. பத்திரிகைகள் பகல் உஷ்ணத்தை மட்டும் பெரிதாக வெளியிடினும், களஞ்சியத்தைக் குறைப்பதில் இரவின் உஷ்ணத்துக்கும் பெரும்பங்கு உண்டு.

பயிர்களுக்கு நேரும் தீங்கும் பரிகாரமும்

நெல்: கதிர் பூக்கும் நாட்களில் காற்றின் உஷ்ணம் 35 டிகிரியைத் தாண்டினால் மகரந்தம் கெட்டு, மணி பிடிக்காமல் பதராகிறது. நெற்பூ பெரும்பாலும் முற்பகலில் மலர்ந்து மூடிவிடுவதால், அவ்வேளையின் உஷ்ணமே முக்கியம். நவரைப் பட்டத்தில் காலந்தாழ்த்தி நட்ட பயிர் ஏப்ரல் மாத வெயிலில் பூக்க நேரிடுகிறது. மார்ச் நடுப்பகுதிக்குள் பூத்துவிடும்படி குறுகிய வயதுடைய ரகத்தைத் தேர்ந்து, டிசம்பரிலேயே விதைப்பது செலவில்லாத பரிகாரம். பூக்கும் பத்து நாட்களில் வயலைக் காயவிடலாகாது. கிணற்று நீர் போதாதெனில், நவரையில் நெல்லின் பரப்பைக் குறைத்துக் கேழ்வரகு, எள் முதலியவற்றைப் பயிரிடுவதே விவேகம்.

நிலக்கடலை: இப்பக்கத்தில் மல்லாட்டை எனப்படும் நிலக்கடலையில், பூக்கும் பருவத்துக் கடும் உஷ்ணத்தால் விழுது இறங்குவது குறைகிறது. மேல்மண் சூடேறிக் கெட்டிப்பட்டால் இறங்கிய விழுதும் கருகும். பூ விடும் காலத்தில் மாலையில் இலேசாக நீர் கட்டுவது நன்மை பயக்கும்.

காய்கறி: தக்காளியில் பகல் 35 டிகிரியைத் தாண்டி, இரவும் குளிராமலிருந்தால் பூ உதிர்கிறது, பழமும் செந்நிறம் பெறாமல் மஞ்சளாக நின்றுவிடுகிறது. வரப்போரத்தில் அகத்தியோ சோளமோ நெருக்கமாக வைத்து மேல்காற்றைத் தடுத்தால், ஈரம் விரைவில் வற்றாது.

தென்னை: பாலாற்றங்கரைத் தோப்புகளில் கோடையில் குரும்பை உதிர்வதற்கு வறட்சி முக்கிய காரணம். மரத்தைச் சுற்றி ஆறடி வட்டத்தில் மட்டை, தேங்காய் நார்க் கழிவு, சருகு இவற்றைப் பரப்பினால், மண்ணின் சூடு தணிந்து, பாய்ச்சிய நீர் நெடுநாள் நிற்கும். சருகைக் கொளுத்துவது, போர்வையைக் கொளுத்திவிட்டுக் குளிர் காய்வது போலாகும்.

உப்பும் உஷ்ணமும்

தோல் பதனிடும் தொழில் நடைபெறும் இப்பிரதேசத்துக்கு உரிய கஷ்டம் ஒன்று உண்டு. உரித்த தோல் கோடையில் சில மணி நேரத்திலேயே அழுகத் தொடங்கும். அதைத் தடுக்கத் தோலின் எடையில் மூன்றில் ஒரு பங்கு முதல் பாதி வரையில் உப்பிட்டு மண்டிக்கு அனுப்புகிறார்கள். அவ்வுப்பு பதனிடும் இடங்களில் கழுவப்பட்டு, நீண்ட காலமாகப் பாலாற்றையும் அதன் கரையிலுள்ள கிணறுகளையும் அடைந்து வந்திருக்கிறது. தோல் தொழிற்பிரதேசத்தில் ஏறக்குறைய 35,000 ஹெக்டேர் விவசாய நிலம் ஒரு பகுதியோ முழுவதுமோ சாகுபடிக்கு உதவாமற் போயிற்று என்ற தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழக ஆராய்ச்சி மையத்தின் கணக்கு, 1996ஆம் ஆண்டு ஆகஸ்டு 28ஆம் தேதி சுப்ரீம் கோர்ட்டு அளித்த தீர்ப்பிலேயே எடுத்துக் கூறப்பட்டிருக்கிறது. மாசு செய்தவரே நஷ்டத்தைத் தீர்க்க வேண்டும் என்பது அத்தீர்ப்பின் சாரம். 2025ஆம் ஆண்டு ஜனவரி 30ஆம் தேதி அதே கோர்ட்டு பாலாற்று மாசு குறித்து மீண்டும் தீர்ப்பளித்து, பாதிக்கப்பட்டோர்க்கு நஷ்டஈடு வழங்கவும் ஆற்றைச் சீர்படுத்தவும் உத்தரவிட்டது.

இதற்கும் உஷ்ணத்துக்கும் என்ன சம்பந்தம் எனலாம். உப்பு மிகுந்த மண்ணில் ஈரம் இருந்தும் வேரால் அதை எளிதில் உறிஞ்ச முடிவதில்லை. உறிஞ்சாத பயிர் நீரை ஆவியாக விடுவதில்லை. ஆவி விடாத இலை தன்னைக் குளிர்வித்துக்கொள்ள இயலாமல் கருகுகிறது. ஆகவே நல்ல நிலத்துப் பயிர் தாங்கும் வெயிலை உவர் நிலத்துப் பயிர் தாங்குவதில்லை. இத்தகைய நிலமுடையோர் கிணற்று நீரைக் கோடைக்கு முன் பரிசோதனைக்கு அனுப்ப வேண்டும். ஒரேயடியாகப் பாய்ச்சாமல் சொட்டு நீர் முறையில் சிறுகச் சிறுகப் பாய்ச்ச வேண்டும். மழைக்காலத்தில் வரப்பை உயர்த்தி மழைநீரைத் தேக்கி, உப்பைக் கழுவி வடிக்க வேண்டும். தக்கைப்பூண்டு விதைத்து மடக்கி உழ வேண்டும். கோ 43, டி.ஆர்.ஒய். 1, டி.ஆர்.ஒய். 3 முதலிய தாங்கும் ரகங்களைப் பயிரிடலாம். விரிஞ்சிபுரம் வேளாண் அறிவியல் நிலையத்தில் இவை பற்றி யோசனை பெறலாம்.

கால்நடைகள்

நாட்டு மாட்டைவிடக் கலப்பின மாடு உஷ்ணத்தைத் தாங்கும் சக்தி குறைந்தது. வாய் திறந்து இளைப்பதும், தீனி குறைவதும், பால் வற்றுவதும் முதல் அறிகுறிகள். தகரக் கூரையின் மேல் தென்னங்கீற்றோ வைக்கோலோ பரப்பி, நடுப்பகலில் நீர் தெளிக்க வேண்டும். தீனியை விடியற்காலையிலும் இரவிலும் கொடுத்து, நிழலில் வைத்த நீரை எந்நேரமும் கிடைக்கச் செய்ய வேண்டும். உழவும் வண்டியோட்டமும் காலை பத்து மணிக்குள் முடிய வேண்டும்.

கிராம அதிகாரிகள் கவனத்துக்கு

வானிலை இலாகாவின் இலக்கணப்படி, சமவெளியில் உஷ்ணம் 40 டிகிரியை எட்டி, அவ்விடத்து வழக்கமான அளவைவிட 4.5 டிகிரியாவது மிகுந்தால்தான் "வெப்ப அலை" எனப்படும். 45 டிகிரியை எட்டினால் வழக்கமான அளவைப் பாராமலே அப்பெயர் பெறும். வேலூரில் மே மாதத்து வழக்கமான பகல் உஷ்ணமே ஏறக்குறைய 39 டிகிரி. ஆகையால் 42 டிகிரி காயும் நாளும் இவ்விலக்கணத்துக்குள் வராமற் போகலாம். களை எடுக்கும் பெண்ணுக்கும், தோல் உலர்த்தும் தொழிலாளிக்கும், ஆடு மேய்க்கும் முதியவருக்கும் 42 டிகிரி 42 டிகிரியே. அறிவிப்பு வரட்டும் என்று காத்திராமல், 40 டிகிரியைத் தாண்டியவுடனேயே தண்டோரா மூலமோ ஒலிபெருக்கி மூலமோ எச்சரிக்கை செய்வது உயிர்களைக் காக்கும்.

வெயிலில் வேலை செய்தவர் தலைசுற்றி விழுந்தாலும், மேனி நெருப்பாகக் காய்ந்து உளறினாலும், தாமதமின்றி நிழலில் கிடத்தி, ஆடையைத் தளர்த்தி, உடல் முழுவதும் நீர் ஊற்றி விசிறிக்கொண்டே 108 ஆம்புலன்ஸை அழைக்க வேண்டும். முதலில் குளிர்வித்தல், பிறகே கொண்டுசெல்லல். நினைவு தப்பியவருக்கு வாயில் நீர் புகட்டலாகாது. நினைவுள்ளவருக்கு ஒரு லிட்டர் காய்ச்சி ஆறிய நீரில் ஆறு தேக்கரண்டி சர்க்கரையும் அரைத் தேக்கரண்டி உப்பும் கரைத்துச் சிறிது சிறிதாகக் கொடுக்கலாம்.

2024ஆம் ஆண்டு அக்டோபரில் தமிழக சர்க்கார் வெப்ப அலையை மாநிலப் பேரிடராக அறிவித்து, அதனால் இறந்தோர் குடும்பத்துக்கு 4 லட்சம் ரூபாய் உதவித்தொகை வழங்க ஏற்பாடு செய்தனர். வயலில் விழுந்து இறந்தவரை, "மாரடைப்பு" என்று பேசி அன்று மாலையே தகனம் செய்துவிட்டால், அக்குடும்பத்தின் கோரிக்கைக்கு ஆதாரமில்லாமற் போகும். அத்தகைய மரணத்தைக் கிராம நிர்வாக அலுவலர் உடனே தாசில்தாருக்குத் தெரிவித்து, வைத்தியப் பரிசோதனை நடைபெறும்படி செய்வது கடமை.

முடிவு

மேல்காற்றையும் சூரியனையும் தடுக்க எவராலும் ஆகாது. ஆனால் நீரில்லா ஆற்றில் நீரைத் தங்கச் செய்வதும், மரமில்லா மலையில் மரம் வளர்ப்பதும் மனித முயற்சிக்கு எட்டியவை. வேலூர் ஜில்லாவில் நாகநதி ஓடும் கிராமங்களில், மகாத்மா காந்தி ஊரக வேலைத் திட்டத்தின் கீழ்ப் பெண்கள் நூற்றுக்கணக்கில் நீர் செறிவூட்டும் கிணறுகளும் தடுப்புகளும் அமைத்து, வறண்ட நிலத்தில் நீர்மட்டம் உயரச் செய்தனர். அவரவர் ஏரியின் வரத்துக்கால்வாயை ஆவணிக்குள் தூர்வாருவது, வரப்பிலும் புறம்போக்கிலும் வேம்பு, புங்கு, பனை நடுவது, அறுவடைக்குப் பின் நிலத்தை வெறுமையாகக் காயவிடாமல் மூடிவைப்பது ஆகிய இம்மூன்றையும் ஒரு கிராமத்தார் ஒன்றுகூடிச் செய்தால், பத்தாண்டுகளில் அக்கிராமத்து வெயில் அடுத்த கிராமத்து வெயிலினும் குறைந்திருப்பதை மேனியே உணரும். பழமொழி பொய்யாகும் நாள் வேலூருக்கு நல்ல நாள்.